கோணல் பழகிப்போன கை

(திருவருகைக் காலம் இரண்டாம் ஞாயிறு: வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நற்செய்திப் பகுதியை லூக்கா தொடங்கும் விதமே ஒரு வேடிக்கை. திபேரியு சீசர், பிலாத்து, ஏரோது, அவன் சகோதரன் பிலிப்பு, லிசானியா, அன்னா, கயபா என்று ஏழு பெரிய மனிதர்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். கல்யாணப் பத்திரிகையில் முன்னிலை வகிப்போர் பட்டியல்போல இருக்கிறது. கடைசியில் பார்த்தால் இறைவாக்கு அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் வரவில்லை. பாலைவனத்தில் இருந்த செக்கரியாவின் மகன் யோவானுக்கு வந்தது. அவர் எசாயாவின் பழைய வாக்கை எடுத்துக்கொண்டு, வளைந்து கிடக்கும் வழிகளை நேராக்கச் சொல்லிப் புறப்பட்டார்.

இந்தப் பகுதிக்குப் பாதைகளைப் பற்றி மறையுரை செய்வதுதான் வழக்கம். அரசர் வருமுன் சாலை போடுவார்கள், மேட்டைக் குறைப்பார்கள், பள்ளத்தை நிரப்புவார்கள் என்று ஆண்டுதோறும் நாங்களும் சொல்லிவந்திருக்கிறோம். இந்த ஆண்டு பாதையை விட்டுவிட்டு, அதன்மேல் ஓடும் வண்டியைப் பற்றிப் பேசுகிறோம். குறிப்பாக, வண்டியின் சக்கரங்களை நேர்ப்படுத்தும் வேலையைப் பற்றி. வீல் அலைன்மென்ட் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் எங்களுக்குப் பெருமை தருவது அல்ல.

எங்கள் பங்கில் ஒரு சிறிய கார் உண்டு. இறைமக்கள் கொடுத்த காணிக்கையில் வாங்கியது. முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவது அதில்தான். அணுபுரம் குடியிருப்புகள், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமங்கள் என்று சுற்றும். வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு பெரியவரைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும் அந்த வண்டியே. அதை ஓட்டிவந்தவர் மீனவர் குப்பத்திலிருந்து வந்த ஓர் இளைஞர்.

சென்ற தவக்காலத்தில் முன் டயர்கள் இரண்டையும் மாற்றினோம். டயர் வாங்கினால் அலைன்மென்ட் இலவசம் என்றார்கள். இலவசம் என்ற சொல் பங்குத்தந்தையரின் காதில் எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் வண்டியை ஏற்றி இறக்கிவிட்டார்கள். ஒரு தாளையும் அச்சடித்துக் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது, நேரான சாலையில் வண்டி நேராகப் போக வேண்டுமானால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. கேட்டதற்குக் கடைக்காரர், "ஓட்ட ஓட்டப் பழகிடும் ஃபாதர்" என்றார்.

பழகிவிட்டது. அதுதான் இங்கே பெரிய செய்தி. ஒரு வாரத்திலேயே எங்கள் கை கோணலாகப் பிடிக்கப் பழகிக்கொண்டது. பிறகு வேறொருவருடைய வண்டியை ஓட்டினால் அதன் ஸ்டீயரிங்தான் கோணலாக இருப்பதுபோலத் தோன்றியது.

அந்தத் தம்பிக்கு மட்டும் பழகவில்லை. மூன்று முறையாவது வந்து சொல்லியிருப்பார். "ஃபாதர், வண்டி ஒரு நிலையில நிக்கல, அலையுது. எடப்பக்கம் இழுக்குது." நாங்கள் சொன்ன பதில்: "ரோடு அப்படித்தான் தம்பி, ஓரம் சரிவு." இதில் உண்மை இல்லாமல் இல்லை. மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்திப் போடுவார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஆகவே வண்டி கொஞ்சம் இடப்பக்கம் சாயத்தான் செய்யும். பாதி உண்மை கையில் இருந்தால் முழு விசாரணை தேவைப்படுவதில்லை.

செப்டம்பரில், ஆரோக்கிய அன்னை திருவிழா முடிந்த வாரம், இரண்டு முன் டயர்களிலும் உள்விளிம்புப் பட்டன் மொட்டையாகிக் கம்பி தெரிய ஆரம்பித்தது. ஓடியிருந்தது ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். பங்குப் பேரவைக் கூட்டத்தில் கணக்கு வந்தபோது கேள்வி எழுந்தது. ஸ்பீடு பிரேக்கரில் வேகமாக ஏற்றுகிறார், வளைவில் தேய்க்கிறார் என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் ஆமோதித்தார். நாங்கள் மறுக்கவில்லை. அதைவிட மோசமாக, "வயசு அப்படி" என்று நாங்களே ஒரு வார்த்தை சேர்த்தோம். டயர் விலையில் பாதியை அவருடைய சம்பளத்தில் பிடித்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மாதக் கடைசியில் சாவியை அலுவலக மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கழற்றிய டயர்கள் செடி வைக்கலாம் என்று தோட்டத்தில் கிடந்தன. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து, அணுபுரத்தில் வசிக்கும் பொறியாளர் ஒருவர் அவற்றின் பக்கத்தில் குனிந்தார். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை தடவினார். ஒரு திசையில் வழுவழுப்பு. எதிர்த் திசையில் ரம்பப்பல்போலக் கையைப் பிடித்தது. எங்கள் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். "இது ஓட்டினவர் வேலை இல்லை ஃபாதர், கோணத்தோட வேலை" என்றார். கடுமையாகப் பிரேக் அடித்து ஓட்டினால் ஆங்காங்கே தட்டையாகத் தேயும், வளைவுகளில் விரட்டினால் வெளித்தோள் தேயும், இப்படி ரம்பமாகத் தேய்வது சக்கரம் ஓடும் திசைக்குக் கோணலாக நிற்பதால் என்று விளக்கினார்.

அவர் சொன்ன ஒரு கணக்கு எங்களை விட்டுப் போகவில்லை. இரண்டு முன்சக்கரங்களுக்கு இடையே முன்பக்கம் ஓர் அளவு, பின்பக்கம் ஓர் அளவு எடுத்தால், இருக்க வேண்டியதைவிட 3 மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது. ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர். டயரின் குறுக்களவு 600 மில்லிமீட்டர் என்றால், அது நானூற்றில் ஒரு பங்கு. அப்படியானால் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது டயர் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டரில் 25 கிலோமீட்டர். ஏறக்குறைய அணுபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஒரு டயரைக் குறுக்கே வைத்துத் தரதரவென்று இழுத்துப்போனதாக நினைத்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் வித்தியாசம் 3 மில்லிமீட்டரையும் தாண்டியிருந்தது.

குருமடத்தில் கிரேக்கம் படித்தபோது, புதிய ஏற்பாட்டில் பாவத்துக்கு வரும் 'ஹமார்த்தியா' என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் குறிதவறுதல் என்று கற்பித்தார்கள். அம்பு எங்கோ போய் விழுவதாகவே அதை இதுவரை நினைத்திருந்தோம். ஒன்றரை மில்லிமீட்டர் என்று நினைக்கவில்லை.

அந்தப் பொறியாளரே எங்களைச் செங்கல்பட்டு சாலையில் ஒரு பட்டறைக்கு அழைத்துப்போனார். அங்கே இருந்த பெரியவர் உடனே வண்டியை ரேம்பில் ஏற்றவில்லை. முதலில் என்ன குறை என்று கேட்டார். பிறகு தானே உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். காற்றழுத்தம் பார்த்தார். ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. இருபக்கமும் பிடித்து ஆட்டினார். இடச்சக்கரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். டை ராடு எண்ட் தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங்கின் கட்டளையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனையில் இருக்கும் மூட்டு அது. "இத மாத்தாம மிஷின்ல ஏத்துறது வேஸ்ட் சார். இப்ப நேரா வச்சாலும் கேட்டு தாண்டுறதுக்குள்ள மாறிடும்" என்றார். சில நூறு ரூபாய் சாமான். முதலில் போன கடையில் இதை ஒருவரும் ஆட்டிப் பார்க்கவில்லை.

அன்பர்களே, நம் பழைய ஞானோபதேசப் புத்தகம் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே, நினைவிருக்கிறதா? முதலாவது ஆத்தும சோதனை. பாவங்களைச் சொல்வது அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் வரும். நாமோ கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் வரிசையில் நின்று, நேரே ரேம்பில் ஏறி, பத்து நிமிடத்தில் தாள் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். எந்த மூட்டு ஆடுகிறது என்று யாரும் ஆட்டிப் பார்ப்பதில்லை. அதே பாவத்தை உயிர்ப்புத் திருவிழாவுக்கு முன்னும் சொல்கிறோம்.

மூட்டை மாற்றிய பிறகுதான் ரேம்ப். முன்சக்கரங்களைச் சுழல்தட்டுகளின்மேல் நிறுத்தினார்கள். கருவிகளை மாட்டி, வண்டியைக் கொஞ்சம் உருட்டிப் பார்த்தார்கள். ரிம்மே வளைந்திருந்தால் அந்தப் பிழை அளவில் சேராமல் இருக்க அந்த உருட்டல். மூன்று கோணங்கள் பார்ப்பார்கள். முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்பது கேம்பர். பக்கத்திலிருந்து பார்த்தால், சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதுபோன்ற சாய்வு கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புகிறதே, அதற்கு அது முக்கிய காரணம். மேலிருந்து பார்த்தால், நம் கால் பெருவிரல்கள் உள்நோக்கி நிற்கின்றனவா வெளிநோக்கி நிற்கின்றனவா என்பதுபோல, டோ. டயரை அதிகம் தின்பது இந்த மூன்றாவதுதான். பெரும்பாலான சிறிய கார்களில் எளிதாகத் திருத்த முடிவதும் அதைத்தான்.

பின்சக்கரங்களை அவர்கள் முதலில் அளந்தது எங்களுக்கு ஆச்சரியம். திரும்புவது முன்சக்கரம்தானே என்று கேட்டோம். "திரும்புறது முன்னாடி. வண்டி எந்தத் திசையில தள்ளப்படுதுங்கிறது பின்னாடி சார்" என்றார். பிறகு ஸ்டீயரிங்கை நடுவில் நேராக நிறுத்தி, அசையாதபடி பூட்டினார். வலது, இடது இரண்டு பக்கமும் லாக் நட்டைத் தளர்த்தி, இரு கம்பிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். முதல் கடையில் ஒரே பக்கத்தைத் திருகிக் கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் ஸ்டீயரிங் கோணலானது. நட்டை முறுக்கிய பிறகு மறுபடியும் அளந்தார். முறுக்கும்போதே கொஞ்சம் நகர்ந்துவிடுமாம். இறுதியாகச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். முழுதாக ஒன்றேகால் மணி நேரம்.

(நம் மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் ரதங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்குச் சக்கரமும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஓடுகிற எதுவும் கோணும். திருக்கழுக்குன்றத்துச் சித்திரைத் தேரைப் பாருங்கள். அதற்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் செருகிச் செருகியே தெருமுனையில் திருப்புவார்கள். அந்தக் கட்டையோடு சக்கரத்தின் பக்கத்திலேயே நடப்பவர் பெயர் யாருக்கும் தெரியாது. கார் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும் என்ற அமைப்புக்கு ஆக்கர்மான் என்று பெயர். 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பதிந்தவர் அவர். உருவாக்கியவர் மூனிக் நகரத்துக் குதிரைவண்டி செய்பவர், லாங்கென்ஸ்பெர்கர். பெயர் பதிந்தவருக்கே போயிற்று. புகழானாலும் பழியானாலும் தவறான ஆளிடம் போய் ஒட்டிக்கொள்வது உலகத்தில் புதிது அல்ல.)

பெரியவர் இரண்டு வரிசை அச்சடித்த ஒரு தாளைத் தந்தார். திருத்துமுன் இருந்த அளவு, திருத்தியபின் உள்ள அளவு. சரியானது பச்சையில், தவறானது சிவப்பில். இந்தத் தாளை இரண்டு வரிசையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள் என்று அந்தப் பொறியாளர் சொன்னார். அதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறோம். பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, ஸ்டீயரிங் கோணினாலோ, வண்டி அலைந்தாலோ கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் காட்டிவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் பேலன்சிங் குறை. ரிம்மில் சிறு எடைக்கட்டி ஒட்டுகிறார்களே, அந்த வேலை. இரண்டும் வேறு. நனைந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் மொட்டை டயரில் குழந்தைகளை ஏற்றிப்போவது ஐந்தாம் கட்டளைக்குள் வரும் காரியம் என்பது எங்கள் எண்ணம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய கோப்பைத் திறந்தோம். தவக்காலத்தில் முதல் கடை கொடுத்த தாள் அதில் இருந்தது. மடித்தது மடித்தபடி. அதில் ஒரே ஒரு வரிசை. அந்த ஒரு வரிசையிலும் ஓர் எண் சிவப்பில் இருந்தது. ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்கிய கூட்டம் நடந்த அறையில், அவர் குற்றமற்றவர் என்பதற்கான சான்று ஆறு மாதமாக அலமாரியில் இருந்தது. யாரும் திறக்கவில்லை.

ஆமோஸ் இறைவாக்கினர் கண்ட காட்சி ஒன்று உண்டு. ஆண்டவர் தூக்குநூல் குண்டோடு ஒரு சுவரின் அருகே நிற்கிறார். கொத்தனார் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், குண்டு பொய் சொல்லாது, ஆனால் அதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தால்தான். நாங்கள் அதைப் பக்கத்து வீட்டுச் சுவருக்கே பிடித்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் வீட்டிலும் 'இழுக்குது' என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கலாம். மனைவியாக இருக்கலாம், வேலைக்கு வரும் அம்மாவாக இருக்கலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம். 'ரோடு அப்படி' என்று நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு நற்செய்தியில் வரிதண்டுவோரும் படைவீரரும் யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலுக்குள்ளேயே பதில் சொல்வதைக் கவனியுங்கள். யாரையும் பாலைவனத்துக்கு வரச் சொல்லவில்லை. விதித்ததற்குமேல் வாங்காதே என்கிறார், மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்று இரு என்கிறார். வண்டி வைத்திருக்கும் பங்குத்தந்தை ஒருவர் அந்த வரிசையில் நின்றிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று எங்களுக்கு ஓரளவு தெரிந்துவிட்டது.

திருச்சபையின் ஒழுக்கவியலில் ஈடுசெய்தல் என்ற பாடம் இருக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு முழுமையாகாது. இது பணத்துக்கு மட்டும் அல்ல, ஒருவருடைய நற்பெயருக்கும் பொருந்தும். எந்த இடத்தில் கெடுத்தோமோ அந்த இடத்தில் திருப்பித் தர வேண்டும். பணம் எளிது, உறையில் போட்டாயிற்று. பேரவைக் கூட்டத்தில் அதே ஆட்கள் முன்னால், அந்த இரண்டு தாள்களையும் மேசையில் விரித்து, தவறு எங்களுடையது என்று சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்தோம். அதற்குப் பத்து நாள் ஆயிற்று. ஏன் பத்து நாள் என்று கேட்காதீர்கள். பேச்சு கூட்டத்துக்கு வெளியேயும் பரவியிருந்தது என்று அதன்பின் கேள்விப்பட்டோம். ஆகவே இந்த வானொலி உரை.

உபதேசியாரோடு குப்பத்துக்குப் போனோம். தம்பி வீட்டில் இல்லை, அம்மாதான் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். நாங்கள் சொல்லி முடிக்கும்வரை வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு, "வண்டி சரியில்ல, வண்டி சரியில்லனு தெனமும் வந்து எங்கிட்ட சொல்லுவான் சாமி. எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது" என்றார். அவ்வளவுதான். டீ வைத்துக் கொடுத்தார்.

அவர் இப்போது மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி ஓட்டுகிறார். பழையபடி வரச் சொல்லிக் கேட்டோம், வரவில்லை என்று சொல்லிவிட்டார். அது அவருடைய உரிமை. ஆனால் சென்ற வாரம், வேறு ஒரு வேலையாகக் கோயில் பக்கம் வந்தவர், வண்டியைச் சுற்றிவந்து டயரைக் கையால் தடவிப் பார்த்தார். சாவி கேட்டார். எங்களையும் உட்காரவைத்துப் புதுப்பட்டினம் வரை ஓட்டினார். ஆள் இல்லாத நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கிலிருந்து விரல்களை மட்டும் லேசாக எடுத்தார். ஸ்டீயரிங் நேராக நின்றது. வண்டி கொஞ்ச தூரம் நேரே போய், பிறகு மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"இது ரோடு ஃபாதர்" என்றார்.